ஒரு பல் போன பிறகு: பிரிட்ஜா, செட்டா, இம்பிளான்டா?

எங்கள் வீட்டில் மூன்று விதமான செயற்கைப் பல்லும் உண்டு. அம்மாவுக்கு மேலும் கீழும் கழற்றி மாட்டும் முழுப் பல் செட். மைத்துனருக்கு மேல் தாடையில், பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் மூன்று பல் பிரிட்ஜ். எனக்குக் கீழே வலப்பக்க முதல் கடைவாய்ப்பல் இருந்த இடத்தில் ஓர் இம்பிளான்ட், அதாவது தாடை எலும்பில் திருகி வைத்த பல். போன தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் மூவரும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்தோம். அப்பளம் வந்தது. மைத்துனர் யோசிக்காமல் நொறுக்கினார். அம்மா தன் அப்பளத்தை ரசத்தில் ஊறப் போட்டார். நான் இடப்பக்கமாகவே மென்று சமாளித்தேன்.

மூவரில் அதிகம் செலவழித்தவன் நான். அன்றைக்கு அப்பளத்துக்குப் பயந்தவனும் நான்தான். இம்பிளான்டைச் சுற்றியிருந்த ஈறில் இரண்டு வாரமாகத் துலக்கும்போதெல்லாம் ரத்தம் வந்துகொண்டிருந்தது. வலி இல்லை. வலி இல்லாததால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இம்பிளான்ட் விஷயத்தில் வலி இல்லை என்பது நல்ல செய்தியே அல்ல என்று எனக்கு அப்போது தெரியாது.

இம்பிளான்ட் வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. என்னுடையது இன்று நன்றாக இருக்கிறது. ஆனால் பல் போனவர்கள் பேசுவதைக் கேட்டால் விலை எவ்வளவு, வலிக்குமா, எத்தனை நாள் ஆகும் என்ற மூன்று கேள்விகளோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தப் பல் ஏன் போனது?

சொத்தை முற்றியோ, வேர் பிளந்தோ, வண்டியிலிருந்து விழுந்தோ போயிருந்தால் அது ஒரு பல்லின் கதை. பல் ஆடி ஆடி விழுந்திருந்தால் அது வாய் முழுவதன் கதை. நம் தாத்தாக்கள் 'பயோரியா' என்று சொன்ன ஈறு நோய் அது. பல்லின் மேல் தினமும் படிகிற கிருமிப் படலத்தைத் துலக்கி எடுக்காமல் விட்டால், எச்சிலில் உள்ள கால்சியம் சேர்ந்து கெட்டித்துக் காரையாகிறது. முதலில் ஈறு சிவந்து வீங்குகிறது, தொட்டால் ரத்தம் வருகிறது. இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் ஈறு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். விட்டுவிட்டால் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள இடுக்கு ஆழமாகிறது. நல்ல ஈறில் அந்த இடுக்கு 1 முதல் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். 5, 6 என்று இறங்கிவிட்டால் எந்த பிரஷும் அங்கே எட்டாது. உள்ளே பல்லைத் தாங்கும் எலும்பு கரைய ஆரம்பிக்கிறது. அப்படிக் கரைந்த எலும்பு தானாக வளர்வதில்லை.

இந்த நோய் அப்படியே இருக்கும் வாயில் பிடுங்கிய பல்லுக்குப் பதில் எதை வைத்தாலும், ஓட்டை வாளியில் புதுத் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். பல்லை வாங்கிக்கொண்டு போன அதே கிருமிகள் பக்கத்துப் பல்லிலும் நாக்கிலும் உட்கார்ந்து காத்திருக்கின்றன. ஆகவே எனக்குத் தெரிந்த வரையில் முதல் ஒப்பீடு, ஆடும் பல்லைப் பிடுங்குவதா, வைத்துக் காப்பாற்றுவதா என்பதுதான்.

பக்கவாட்டில் லேசாக ஆடுகிற பல்லுக்கு ஆழமான சுத்திகரிப்பும், தேவைப்பட்டால் ஈறைத் திறந்து செய்யும் சிகிச்சையும் பல சமயம் போதும். அப்படிக் காப்பாற்றிய பல்லோடு பத்து, பதினைந்து ஆண்டுகள் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மேலும் கீழுமாக அமுங்கி எழும்புகிற அளவுக்கு ஆடினால் காப்பாற்றுவது கடினம். நடுவில் இருப்பவற்றைத்தான் ஓர் ஈறு நோய் நிபுணர் பார்த்துச் சொல்ல வேண்டும். 'சுத்தம் செய்தால் பல் ஆட ஆரம்பித்துவிடும்' என்ற பயத்தில் அந்தப் பக்கமே போகாதவர்கள் ஏராளம். ஆடுவது சுத்தம் செய்ததால் அல்ல. எலும்பு ஏற்கெனவே போய்விட்டது, காரை சிமெண்ட் மாதிரி நின்று பற்களைக் கட்டிப் பிடித்திருந்தது, அதை எடுத்ததும் உண்மை வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

இப்போது ஊரெங்கும் சுவரிலும் ஆட்டோவின் முதுகிலும் 'மூன்றே நாளில் நிலையான பற்கள்' என்று விளம்பரம் பார்க்கிறோம். உடனடியாகப் பல் பொருத்தும் முறை பொய்யல்ல. எலும்பு நல்ல நிலையில் இருப்பவர்களுக்கு, தெரிந்தவர்கள் செய்தால், நடக்கக்கூடியதுதான். எனக்கு உறுத்துவது வேறு. அந்த மூன்று நாள் கணக்குக்காகக் காப்பாற்றக்கூடிய ஏழெட்டுப் பற்களையும் சேர்த்துப் பிடுங்கிவிடுகிறார்கள். பிடுங்கிய பல்லை யாரும் திரும்ப நட்டுத் தர முடியாது. யாராவது வாய் முழுவதையும் காலி செய்யச் சொன்னால், எழுந்து வந்து இன்னொரு மருத்துவரைப் பாருங்கள். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி மாதிரியான இடங்களில் ஈறுக்கென்றே தனித் துறை இருக்கிறது. நேரம் பிடிக்கும், வரிசையில் நிற்க வேண்டும். ஆனால் உங்களிடம் எதையும் விற்க வேண்டிய அவசரம் அங்கே யாருக்கும் இல்லை.

ஒன்றுமே வைக்காமல் விடுவதும் ஒரு வழி என்பதை யாரும் சொல்வதில்லை. கடைசிக் கடைவாய்ப்பற்கள் மட்டும் போய், மேலும் கீழும் பொருந்திக் கடிக்கிற மாதிரி இருபது பற்கள் மிச்சம் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சாப்பாட்டில் குறை வராது. நெதர்லாந்தில் நைமேகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கைசர் என்ற பல் மருத்துவர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொன்னார். நடுவில் ஒரு பல் போயிருந்தால் மட்டும் கணக்கு மாறுகிறது. பக்கத்துப் பற்கள் அந்த இடத்தை நோக்கிச் சாயும், எதிர்த் தாடைப் பல் மெல்ல இறங்கி வரும். ஆகவே அதை நிரப்புவது நல்லது.

கழற்றி மாட்டும் செட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விலை குறைவு, அறுவை இல்லை, ஒன்றிரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும். ஒன்றிரண்டு பல்லுக்குச் செய்யும் மலிவான பிளாஸ்டிக் செட் பல்லின் மேல் உட்காராமல் ஈறின் மேல் உட்காருகிறது. ஒவ்வொரு முறை மெல்லும்போதும் ஈறை அழுத்துகிறது, பக்கத்துப் பல்லைப் பிடித்திருக்கும் கம்பியைச் சுற்றி அழுக்குச் சேர்கிறது. ஈறு ஏற்கெனவே பலவீனமாக இருப்பவருக்கு இது நல்லதல்ல. உலோகத்தில் வார்த்துச் செய்யும் செட் பற்களின் மேலேயே தாங்கி நிற்பதால் அதைவிட மேல். எந்தச் செட்டாக இருந்தாலும் இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். அழகுக்காகத் தூக்கத்திலும் மாட்டிக்கொள்பவர்களுக்கு அண்ணம் சிவந்து பூஞ்சை பிடிக்கிறது. பற்பசையால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் கீறல் விழும், கீறலில் கிருமி தங்கும். சோப்பும் மெல்லிய பிரஷும் போதும்.

பிரிட்ஜ் என்பது விழுந்த பல்லின் இருபுறமும் இருக்கும் பற்களைச் சீவி, கேப் (பல் வடிவ உறை) போட்டு, நடுவில் ஒரு பொய்ப் பல்லைத் தொங்க விடுவது. இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். பத்தாண்டுக்குப் பிறகும் கிட்டத்தட்ட 90 சதவீதம் நிற்கின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன, மோசமான கணக்கு அல்ல. குறை எங்கே என்றால், ஒரு பல்லுக்காக நல்ல பற்கள் இரண்டின் எனாமலைச் சீவ வேண்டியிருக்கிறது. சீவிய பல்லில் சிலருக்குப் பின்னால் நரம்பு செத்து வேர் சிகிச்சை தேவைப்படுகிறது. கேப்பின் விளிம்பில் சொத்தை புகுந்தால் வெளியே தெரியாது. தாங்கும் பற்களில் ஒன்று போனால் மூன்றும் போயின.

ஆனால் என் மைத்துனருக்கு அந்த இரண்டு பற்களும் ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்து கேப் போட வேண்டிய நிலையில் இருந்தவை. சீவுவதால் இழக்க எதுவும் இல்லை. அவருக்கு பிரிட்ஜ்தான் சரி, இம்பிளான்ட் வீண் செலவு. முதல் ஒரு வருடம் அவருக்கும் தொல்லை இருந்தது. பிரிட்ஜுக்கு அடியில் எதுவோ கெட்டுப்போன வாடை அடிக்கிறது என்று தங்கைதான் முதலில் சொன்னாள். பல் மருத்துவர் ஒரு முனை விறைப்பாகவும் நடுப்பகுதி பஞ்சு மாதிரியும் இருக்கிற தனி நூல் ஒன்றைக் கொடுத்தார். விறைப்பான முனையைப் பொய்ப் பல்லின் அடியில் ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் இழுத்து, பஞ்சு பாகத்தை முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். ஊசியில் நூல் கோக்கிற வேலை. முதல் வாரம் கண்ணாடி முன் நின்று வியர்த்தார். இப்போது செய்தி பார்த்துக்கொண்டே செய்கிறார்.

இனி இம்பிளான்ட். இதில் மூன்று பாகம்: எலும்புக்குள் இறங்கும் டைட்டானியத் திருகு, அதன் மேல் நிற்கும் இணைப்புத் துண்டு, எல்லாவற்றுக்கும் மேலே பல் வடிவக் கேப். டைட்டானியம் எலும்போடு ஒட்டிக்கொள்ளும் என்பது தற்செயலாகக் கண்டுபிடித்த விஷயம். ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க் 1950களின் தொடக்கத்தில் முயலின் கால் எலும்புக்குள் ரத்த ஓட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து கழற்றப் போனால் வரவில்லை, எலும்பு அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது. 1965இல் கோதன்பர்க் நகரில் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த் தாடையில் நான்கு திருகுகளை வைத்தார். லார்சன் 2006இல் இறக்கும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அவற்றோடுதான் சாப்பிட்டார். இம்பிளான்ட் விற்பவர்கள் எல்லோரும் இந்தக் கதையைச் சொல்வார்கள். லார்சனின் வாயைக் கவனித்துக்கொண்டவர் இதைக் கண்டுபிடித்தவரே என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

பத்தாண்டுக்குப் பிறகு 100க்கு 95 போல இம்பிளான்ட்கள் வாயில் இருக்கின்றன என்பது பல ஆய்வுகளின் கணக்கு. 'இருக்கின்றன' என்ற சொல்லைக் கவனியுங்கள். ரத்தம் கசிந்துகொண்டு இருப்பதும் அந்த 95இல் சேர்ந்ததுதான்.

இயற்கைப் பல் எலும்போடு நேரடியாக ஒட்டியிருக்கவில்லை. நடுவே நார்களால் ஆன மெத்தை ஒன்று இருக்கிறது, கிட்டத்தட்ட 0.2 மில்லிமீட்டர் தடிமன். சோற்றில் கல் கடிபட்டால் மூளை யோசிக்கும் முன்பே தாடை நின்றுவிடுகிறதே, அது இந்த மெத்தையின் உணர்வால்தான். இம்பிளான்டுக்கு இது கிடையாது. எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்று சரியாகத் தெரிவதில்லை, அதனால்தான் திருகு தளர்வதும் கேப்பின் ஓரம் சிதறுவதும் நடக்கின்றன. இரவில் பல்லைக் கடிக்கும் பழக்கம் இருப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அதைவிடப் பெரிய வித்தியாசம் ஈறில் இருக்கிறது. இயற்கைப் பல்லில் ஈறின் நார்கள் வேரின் மேற்பரப்புக்குள்ளேயே குறுக்காகப் புகுந்து பிடித்திருக்கின்றன. இம்பிளான்டில் அவை உலோகத்துக்குள் புக முடியாமல் அதைச் சுற்றி வளைத்து நிற்கின்றன. முன்னது தைத்த துணி, பின்னது சுற்றிக் கட்டிய துணி. தைத்ததில் தண்ணீர் நுழைய நேரமாகும். சுற்றிக் கட்டியதில் ஓர் ஓரம் தளர்ந்தால் போதும். ஆகவே அதே அளவு அழுக்கு, அதே அளவு கவனக்குறைவு, ஆனால் இம்பிளான்டில் நோய் எலும்பு வரை வேகமாக இறங்கிவிடுகிறது.

இதற்கு இரண்டு கட்டங்கள். ஈறு மட்டும் வீங்கி ரத்தம் வருவதை மியூகோசைட்டிஸ் என்கிறார்கள். நன்றாகச் சுத்தம் செய்தால் இது திரும்பிவிடும். எலும்பும் கரைய ஆரம்பித்தால் பெரி-இம்பிளான்டைட்டிஸ். இதைக் கட்டுப்படுத்தலாம், போன எலும்பை முழுதாக மீட்பது கடினம். 2015இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு இம்பிளான்ட் வைத்தவர்களில் சுமார் 43 சதவீதம் பேரிடம் முதலாவதும் 22 சதவீதம் பேரிடம் இரண்டாவதும் இருப்பதாகக் கணக்கிட்டது. யாருக்கு அதிகம் வருகிறது என்பதிலும் பெரிய மர்மம் இல்லை. முன்பே ஈறு நோய் இருந்தவர்கள், சரியாகத் துலக்காதவர்கள், வைத்தபின் பரிசோதனைக்கே போகாதவர்கள். புகைபிடிப்பதும் கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் நிலைமையை மோசமாக்குகின்றன. புகையில் இன்னொரு சூழ்ச்சி உண்டு: அது ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் நோய் இருந்தும் ரத்தம் அதிகம் வராது. ஈறு நன்றாக இருக்கிறது என்று அவரும் நம்பிக்கொண்டிருப்பார்.

வலி வராது என்று முதலிலேயே சொன்னேன். ஆட்டமும் வராது. மேலே பாதி எலும்பு போனாலும் கீழே பிடித்திருக்கும் மிச்சம் திருகை அசையவிடாது. எலும்புக்குள் திருகே ஆட ஆரம்பித்தால் கதை முடிந்தது, எடுக்க வேண்டியதுதான். (மேலே உள்ள கேப் மட்டும் ஆடுவது வேறு விஷயம். அது பெரும்பாலும் திருகாணி தளர்ந்தது, முறுக்கினால் சரியாகும். இரண்டையும் நீங்களே முடிவு செய்யாதீர்கள்.) ஆக மிஞ்சும் அறிகுறிகள் துலக்கும்போது ரத்தம், ஈறை அழுத்தினால் சீழ், காலையில் ஒரு கசந்த சுவை, ஈறு இறங்கி உலோகம் தெரிவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாரமே போய்விட வேண்டும்.

நான் போனது ஐந்தாவது வாரம். எனக்குக் கேப்பை சிமெண்ட் வைத்து ஒட்டியிருந்தார்கள். ஒட்டும்போது பிதுங்கி வழிந்த சிமெண்டை முழுதாக எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். இது என் துரதிர்ஷ்டம் மட்டும் அல்ல, இம்பிளான்ட் ஈறு வீங்குவதற்கு நன்றாகத் தெரிந்த காரணங்களில் ஒன்று. வைத்த இடத்துக்கு நான் திரும்பப் போகவில்லை. வேறொரு ஈறு நிபுணர் மரத்துப்போகச் செய்து, மெல்லிய கருவியால் ஈறுக்கடியில் சுரண்டி, அரிசிக் குருணை அளவில் மஞ்சள் படிந்த வெள்ளைத் துணுக்கு ஒன்றை எடுத்துப் பஞ்சில் வைத்துக் காட்டினார். "இதற்குத்தான் சார் உங்கள் ஈறு இத்தனை நாளாக அழுதுகொண்டிருந்தது" என்றார். மூன்று வாரத்தில் ரத்தம் நின்றது. எக்ஸ்ரேயில் எலும்பு இறங்கியிருக்கவில்லை, தப்பித்தேன். கேப்பைத் திருகாணியால் பொருத்தும் முறையும் இருக்கிறது. மேலே ஒரு சின்னத் துளை வரும், அதைப் பல் நிறத்தில் அடைப்பார்கள். உற்றுப் பார்த்தால் புள்ளி தெரியும். ஆனால் சிமெண்ட் வழியாது, பின்னால் கழற்றிச் சுத்தம் செய்யவும் எளிது. கடைவாய்ப் பல்லில் அந்தப் புள்ளியை யார் பார்க்கப் போகிறார்கள்? தெரிந்திருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன்.

மற்றச் சிக்கல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சில சமயம் எலும்பு ஒட்டிக்கொள்ளாமலே முதல் சில மாதங்களில் திருகு கழன்றுவிடும். அதை எடுத்து, ஆறவிட்டு, மறுபடி வைக்கலாம். கீழ்த் தாடையில் எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. துளை அதைத் தொட்டால் உதடும் முகவாயும் மரத்துப்போகும், சிலருக்கு அது நிரந்தரமாகவே நின்றுவிடும். மேல் தாடையில் மூக்கை ஒட்டிய காற்றறைக்குள் திருகு நுழைந்துவிடுவதும் உண்டு. இரண்டையும் தவிர்க்கத்தான் முப்பரிமாண ஸ்கேன் எடுக்கிறார்கள். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பின் அகலம் தெரியாது. இன்னொன்று சில வருடம் கழித்துத்தான் வரும்: இயற்கைப் பற்கள் வாழ்நாள் முழுவதும் மெல்ல முன்னோக்கி நகர்கின்றன, இம்பிளான்ட் நகராது. நடுவில் ஒரு சந்து திறக்கும், கீரை நார் போய் உட்காரும். அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

எலும்புத் தேய்மானத்துக்கு வாராந்திர மாத்திரையோ ஆண்டு ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள் பல் பிடுங்கும் முன்பே அதைச் சொல்ல வேண்டும். அந்த மருந்துகளில் சில தாடை எலும்பு ஆறுவதைக் கெடுக்கின்றன. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுபவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது, அதைக் கொடுத்த மருத்துவரைக் கேட்க வேண்டும். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைக்கு முன்பல் போனால் அவசரப்பட்டு இம்பிளான்ட் வைக்கக் கூடாது. தாடை வளரும், திருகு இருந்த இடத்திலேயே நிற்கும், சில ஆண்டுகளில் அந்தப் பல் மட்டும் குட்டையாகத் தெரியும். அதுவரை பின்புறம் சிறு இறக்கை வைத்து ஒட்டும் பிரிட்ஜ் போதும். அதற்குப் பக்கத்துப் பல்லை அதிகம் சீவவும் வேண்டாம்.

விலைக்கு வருகிறேன். நான் விசாரித்த மூன்று இடங்களில் கேப்போடு சேர்த்து 28,000, 35,000, 52,000 என்று சொன்னார்கள். மைத்துனரின் மூன்று பல் பிரிட்ஜ் அதில் பாதிக்கும் குறைவு. இந்தத் தொகையை வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். இம்பிளான்டுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை பரிசோதனையும் சுத்திகரிப்பும் உண்டு, அதையும் விலையில் சேர்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போக நமக்கு வழி இருக்கிறதா? பக்கத்து ஊரில் வைத்துக்கொண்டு வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே திருகு தளர்ந்தால், எந்த நிறுவனத்தின் எந்த அளவுத் திருகு என்று தெரியாமல் அங்குள்ள மருத்துவரால் எதுவும் செய்ய முடியாது, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் முறுக்கும் கருவி வேறு. இம்பிளான்ட் டப்பாவில் பெயர், அளவு, தொகுதி எண் எல்லாம் அச்சடித்த ஒட்டுச்சீட்டு இருக்கும். வைத்த அன்றே அதைக் கேட்டு வாங்கி, குடும்ப அட்டையோடு பத்திரப்படுத்துங்கள். கேப் வைத்த நாளன்று எடுத்த எக்ஸ்ரேயின் படியும் வேண்டும். எலும்பு இறங்கியிருக்கிறதா என்று பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் அளவுகோல்.

எனவே யாராவது என்னிடம் கேட்டால் நான் சொல்வது இப்படி இருக்கும். இருபுறமும் நல்ல பற்கள், ஈறு சுத்தம், சர்க்கரை கட்டுப்பாட்டில், புகையிலை இல்லை என்றால் தனிப் பல்லுக்கு இம்பிளான்டே முதல் தேர்வு, இரண்டு நல்ல பற்களைச் சீவ நான் சம்மதிக்க மாட்டேன். இருபுறப் பற்களுக்கும் எப்படியும் கேப் வேண்டும் என்றால் பிரிட்ஜ். ஈறு நோய் இருந்தால் முதலில் அதற்குச் சிகிச்சை, மூன்று நான்கு மாதம் கழித்து ஈறு எப்படி இருக்கிறது என்று அளந்து பார்த்தபின் பேச்சு. அதுவரை ஒரு சாதாரண செட் வைத்துக்கொள்ளலாம். வெற்றிலையோடு புகையிலை போடுவதை விடவே முடியாது என்கிறவருக்கு நான் இம்பிளான்ட் சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

ஈறைக் காப்பதில் புது ரகசியம் ஏதுமில்லை, ஆனால் நாம் தவறாகச் செய்வது நிறைய. கெட்டியான பிரஷால் அழுத்தித் தேய்ப்பது ஈறைக் கீழே தள்ளும், பல்லின் கழுத்தை அரிக்கும். மெல்லிய பிரஷைப் பல்லும் ஈறும் சந்திக்கிற கோட்டில் 45 பாகை சாய்த்து, சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும். இரண்டு பல்லுக்கு நடுவில் எந்த பிரஷும் போகாது. அங்கேதான் நோய் ஆரம்பிக்கிறது. சந்து குறுகலாக இருந்தால் நூல், அகலமாக இருந்தால் பாட்டில் கழுவும் பிரஷின் குட்டித் தம்பி மாதிரி இருக்கும் இடைப்பல் பிரஷ். இம்பிளான்டுக்கு அதன் நடுக்கம்பி பிளாஸ்டிக் பூசியதாக இருக்க வேண்டும், வெறும் கம்பி உலோகத்தைக் கீறும். ரத்தம் வருகிறது என்று அந்த இடத்தைத் துலக்காமல் விடுவதுதான் நம் பெரிய தவறு. ரத்தம் வருகிற இடத்தில்தான் இன்னும் கவனமாகத் துலக்க வேண்டும். உப்புத் தண்ணீர் கொப்பளித்தால் இதமாக இருக்கும், ஒட்டியிருக்கும் படலத்தை எடுக்காது. கரித்தூளும் செங்கல் பொடியும் எனாமலைத் தேய்க்கும். 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்று சொன்னவர்கள் குச்சியை மென்று பிரஷாக்கி நெடுநேரம் துலக்கினார்கள். நாம் அந்த நேரத்தைக் கொடுக்காமல் 'வேம்பு' என்று எழுதிய பசையை மட்டும் வாங்குகிறோம். கொப்பளிக்கும் குளோர்ஹெக்ஸிடின் மருந்தை மருத்துவர் சொன்ன நாள் வரை மட்டும் பயன்படுத்துங்கள், நீண்ட நாள் கொப்பளித்தால் பல்லில் கறை ஏறும், நாக்கின் சுவையும் மாறும்.

அம்மாவின் கதை மிச்சம் இருக்கிறது. மேல் செட் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு சரியாகவே நின்றது. கீழ் செட்தான் பேசும்போதும் நழுவியது, சாப்பிடும்போதும் மிதந்தது. அங்கே ஒட்டிக்கொள்ள இடம் குறைவு, நாக்கு வேறு தள்ளிக்கொண்டே இருக்கும். முழுச் செட்டுக்காரர்களின் கடிக்கும் விசை இயற்கைப் பல்லோடு பார்த்தால் மிகக் குறைவு. அம்மா வருடக்கணக்கில் முறுக்கை டீயில் நனைத்தே தின்றார். முதலில் நாங்கள் விசாரித்த ஓர் இடத்தில் ஆறு இம்பிளான்ட் வைத்துக் கழற்றவே முடியாத பற்கள் பொருத்தலாம் என்றார்கள். பல லட்சம். அதைவிட, அறுபத்தெட்டு வயதில் நடுங்கும் கையோடு அந்தப் பற்களின் அடியில் அம்மா எப்படித் தினமும் சுத்தம் செய்வார் என்று யாரும் யோசிக்கவில்லை.

என் சிமெண்டை எடுத்த நிபுணர்தான் வேறு வழி சொன்னார். கீழ்த் தாடையின் முன்பகுதியில் இரண்டே இம்பிளான்ட், அவற்றின் மேல் சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு பிடிப்பு, செட்டின் அடியில் அதற்கேற்ற குழி. பல்லே இல்லாத கீழ்த் தாடைக்கு முதலில் பரிசீலிக்க வேண்டியது இதுதான் என்று 2002இலேயே கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொல்லியிருக்கிறார்கள். செட்டைக் கழற்றி எடுத்துக் கழுவலாம், பொத்தானைச் சாதாரண பிரஷால் துலக்கலாம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 9க்கு மேல் இருந்ததால் உடனே வைக்க அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்து மாதம் காத்திருந்து 7.2க்கு வந்தபின்தான் கத்தியை எடுத்தார். அந்த ஐந்து மாதமும் அம்மா அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பொத்தான்கள் தங்க நிறத்தில் இருக்கின்றன. அம்மா அவற்றை மூக்குத்தி என்கிறார். இரவு ஒன்பது மணிக்குச் செட்டைக் கழற்றித் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டு, கைக்கண்ணாடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, "என் மூக்குத்தி இரண்டையும் விளக்கிவிட்டு வருகிறேன், அதுவரை டிவியை நிறுத்தி வை தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் குழாயடிக்குப் போகிறார்.